வேலையில்லாமல் சும்மா இருக்கும்போதே (ஐடில்) 62 டிகிரி: ஓடாத பம்ப் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கம்ப்யூட்டருக்கான 240 எம்எம் லிக்விட் கூலரை மாற்றித் தருவது அல்லது பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். இந்தக் கூலரைப் பற்றி உங்கள் ஆட்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒவ்வொரு அழைப்பிலும் புது ஆள், புது டிக்கெட் எண், மறுபடி ஆதியிலிருந்து கதை. மின்னஞ்சல்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். அதனால்தான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

பம்ப் மூலம் குழாய்களில் திரவத்தை ஓட்டி, ப்ராசஸரின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற்றுவதுதான் இந்தக் கூலரின் வேலை, உங்களுக்குத் தெரியாததல்ல. விஷயம் இதுதான்: எந்த வேலையும் கொடுக்காமல் டெஸ்க்டாப்பை மட்டும் திறந்து வைத்திருந்தாலே ப்ராசஸர் 62 டிகிரி காட்டுகிறது. அறை வெப்பம் 27. ப்ராசஸர் பயன்பாடு 2 சதவீதத்தைத் தாண்டவில்லை. இதே அறையில், ப்ராசஸருடன் பெட்டியில் வந்த சின்ன ஏர் கூலர் 41-இல் வைத்திருந்தது. கூடுதல் பணம் கொடுத்து கூடுதல் சூட்டை வாங்கியிருக்கிறேன்.

"ஐடில்ல இது நார்மல் சார்" என்றார் உங்கள் ஊழியர். எது நார்மல்? பிரவுசரைத் திறந்தால் ப்ராசஸர் தன் வேகத்தைக் கூட்டி (பூஸ்ட்) ஒரு நொடி பத்து டிகிரி துள்ளி இறங்கினால், அது நார்மல். விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸில் மின்சேமிப்பு நிலைகள் முழுதாக வேலை செய்யாததால் அங்கே கொஞ்சம் அதிகமாகக் காட்டினால், அதுவும் நார்மல். அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஆன் செய்ததும் 40-இல் தொடங்கி, சில நிமிடங்களில் ஏறி, 62-இல் உட்கார்ந்து இறங்கவே மறுக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். எடிட் செய்த ஒரு வீடியோவை இறுதிக் கோப்பாக ஆக்க (ரெண்டர்) போட்டால் உடனே 95-ஐத் தொட்டு, ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். இரண்டு குழாய்களில் ஒன்று கைவைக்க முடியாதபடி சுடுகிறது, மற்றொன்று அறை வெப்பத்திலேயே இருக்கிறது. திரவம் ஓடினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டாமா? ரேடியேட்டரும் சில்லென்று இருக்கிறது, ஃபேன்கள் சும்மா சுற்றுகின்றன. பம்ப்பின் வயரை மதர்போர்டில் செருகும் இடமான பம்ப் ஹெடரில் வேகம் 0 என்று காட்டுகிறது, எப்போதாவது கொஞ்சம் எழும்பிவிட்டுத் திரும்பவும் 0. ஹெடரை முழு வேகத்தில்தான் வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் படம் அனுப்பியிருக்கிறேன். பதிலுக்கு வந்தது: "தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள்." ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் அந்தப் பசையை மாற்றினேன். திரும்பவும் அதே பதில். கூலரின் அடியில் உள்ள காப்பர் தகட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை எடுத்தீர்களா என்று ஒருவர் கேட்டார். எடுத்தாயிற்று ஐயா, பொருத்தும்போதே எடுத்தாயிற்று!

அப்புறம் அந்த ஊழியர். பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார். குழாய் விஷயத்தை நான் சொல்லி முடிப்பதற்குள், "பக்கத்துல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? அவங்ககிட்ட கொடுங்க" என்றார். பிறகு, "லிக்விட் கூலர்னா ஐஸ் மாதிரி ஆயிடும்னு நினைச்சீங்களா?" என்று ஒரு சிரிப்பு வேறு. எந்த லிக்விட் கூலரும் அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது என்பது எனக்குத் தெரியும். 27-ஐ நான் கேட்கவில்லை. 40-ஐ ஒட்டி இருந்தால் போதும், வாயே திறக்கமாட்டேன். அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சர்வீஸ் சென்டர் கதை இதைவிட மோசம். கூலரை மட்டும் கொண்டு வாருங்கள் என்றார்கள், போனேன். கேபினட்டோடு, அதாவது முழு கம்ப்யூட்டர் பெட்டியோடுதான் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பினார்கள். கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போனால், பார்க்கிறவர் லீவு. வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள், சரி என்று வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்த பெட்டியில் "குறை எதுவும் இல்லை" என்று ஒரு சீட்டு. ஆனால் பக்கவாட்டுக் கதவின் மேல் நான் ஒட்டி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட டேப் அப்படியே இருந்தது. ஒரு முனைகூடப் பிரியவில்லை. திறக்காமலே எப்படிச் சோதித்தீர்கள்?

என் பிழைப்பே வீடியோ எடிட்டிங்தான். உங்கள் ஒரு பம்ப்பால் என் தொழிலே படுத்துவிட்டது. வந்த வேலைகள் எல்லாம் கைநழுவிப் போய்விட்டன. இந்தச் சூட்டில் ப்ராசஸருக்கு ஏதாவது ஆகியிருந்தால், அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

சண்டை போட எனக்கும் ஆசையில்லை. வாரண்டி இன்னும் முடியவில்லை. புதிய கூலர் ஒன்றை, பழுது பார்த்துத் திருப்பி விற்கும் பொருளாக இல்லாமல், மாற்றித் தாருங்கள். இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இன்றிலிருந்து பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், அந்தச் சீட்டு, டேப்பின் படம், பம்ப் வேகம் 0 காட்டும் வீடியோ மூன்றையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். மறுபடி பேஸ்ட்டை மாற்றச் சொல்லி மட்டும் பதில் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், டிக்கெட் எண்கள், படங்கள், வீடியோ