கூரை போடுமுன் பத்திரம் எழுதுங்கள்

மினசோட்டா மாநிலப் போக்குவரத்துத் துறையினருக்கு,

வணக்கம். செயின்ட் பால் நகரில் குடியிருந்துகொண்டு, வேலைக்காக உங்கள் ஐ-94 நெடுஞ்சாலையில் மினியாபொலிஸ் போய்வருகிறவன் நான். இந்த மடலின் ஆங்கிலப் படியை உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். தமிழில் எழுதுவது, இதே சாலையில் என்னைப் போலவே எதுவும் தெரியாமல் போய்வரும் நம்மவர்களும் படிக்கட்டும் என்பதற்காக.

லெக்சிங்டனுக்கும் டேல் தெருவுக்கும் நடுவே உங்கள் சாலை பள்ளத்துக்குள் ஓடுகிறது. வந்த புதிதில் அதைப் பொறியாளர்கள் யாரோ விரும்பிச் செய்த ஏற்பாடு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பள்ளம் போராடி வாங்கியது. அதன் மேல் கூரை போட்டு நிலம் உருவாக்கும் பேச்சு நடக்கிறதே, அந்த நிலத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

அங்கே இருந்த ஊர் ரோண்டோ. 1930களிலேயே செயின்ட் பால் நகரின் கறுப்பின மக்களில் பாதிப்பேர் அங்கே வாழ்ந்தார்கள். ரயிலில் புல்மன் எனப்படும் படுக்கைப் பெட்டிகளில் பணிபுரிந்தவர்கள், கடை வைத்தவர்கள், ஆசிரியர்கள், வக்கீல்கள் எல்லாரும் ஒரே தெருக்களில். வசதியான பக்கத்துக்கு ஓட்மீல் ஹில் என்றும், வசதி குறைந்த பக்கத்துக்குக் கார்ன்மீல் வேலி (பள்ளத்தாக்கு) என்றும் அவர்களே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஓட்ஸ் கஞ்சி குடிப்பவர் மேட்டில், சோளமாவு கிண்டுபவர் தாழ்வில். தன்னைத்தானே கேலிசெய்துகொள்ளும் அளவுக்கு ஓர் ஊர் நிலைகொண்டிருந்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

நெடுஞ்சாலைக்கு வேறு பாதையும் இருந்தது. நகரத் திட்டப் பொறியாளர் ஜார்ஜ் ஹெரால்ட், வடக்கே ரயில் பாதையை ஒட்டிக் கொண்டுபோகலாம் என்று சொன்னார். குடியிருப்புகளைப் பிளந்து போவது தவறு என்று வாதாடினார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1956இல் வந்த மத்தியச் சட்டம் செலவில் 90 விழுக்காட்டைத் தர முன்வந்த பிறகு யாருக்கும் நின்று யோசிக்க நேரமில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில், வீட்டைவிட்டு வெளியேற மறுத்த முதிய போதகர் ஜார்ஜ் டேவிஸை அப்புறப்படுத்தக் காவலர்கள் கோடரியும் சம்மட்டியுமாக வந்தார்கள்.

1968இல் சாலை முழுதாகத் திறந்தபோது, செயின்ட் பால் நகரின் கறுப்பின மக்களில் எட்டுப் பேருக்கு ஒருவர் வீடிழந்திருந்தார். வீடுகள் 700க்கு மேல், கடைகளும் தொழில்களும் 300 அளவில் போயின என்பது ரோண்டோக்காரர்கள் சொல்லும் கணக்கு. இடம் பெயர்கிறவர்களுக்கு உதவ வேண்டும் என்று நாடு முழுமைக்குமான மத்தியச் சட்டம் 1970இல்தான் வந்தது. கையில் கிடைத்த இழப்பீட்டை எடுத்துக்கொண்டு வேறு பகுதியில் வீடு தேடிப் போனால், "உங்களுக்கு விற்பதில்லை" என்ற கதவுகள். ரோண்டோ அவென்யூ என்ற பெயரும் வரைபடத்தில் இல்லாமல் போனது. மிஞ்சிய துண்டுக்கு இன்று கன்கார்டியா அவென்யூ என்று பெயர்.

இப்போது பள்ளத்துக்கு வருகிறேன். ரோண்டோ வழியாகச் சாலை வரும் என்று தெரிந்ததும், போதகர் ஃப்ளாய்ட் மாஸியும் டிமோதி ஹவார்டும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். நியாயமான விலை, குடியேற வேறு இடம், உயரத் தூண்களின் மேல் அல்லாமல் தரைக்குக் கீழே செல்லும் சாலை ஆகியவற்றைக் கேட்டார்கள். சாலையை நிறுத்த முடியவில்லை. கேட்டதில் உருப்படியாகக் கைக்கு வந்தது அந்தக் கடைசி ஒன்றுதான். தோற்றவர்கள் வாங்கிய அந்தச் சின்ன வெற்றியால்தான், இன்று சாலைக்கு மேலே மூடி போட்டு இரு கரைகளையும் இணைக்கலாம் என்ற பேச்சே சாத்தியமாகிறது. தூண் சாலையின் மேல் பூங்கா போட முடியாது.

ரீகனெக்ட் ரோண்டோ அமைப்பு முன்வைத்திருக்கும் நிலப்பாலம் அதுதான். ஏறக்குறைய அரை மைல் நீளம், 20 ஏக்கருக்கு மேல் நிலம், அதன் மேல் வீடு, கடை, பசுமை. 2021இல் மாநிலச் சட்டமன்றம் திட்டமிடலுக்கு 62 லட்சம் டாலரும், 2023இல் மத்திய அரசு 20 லட்சம் டாலரும் ஒதுக்கின. கட்டுவதற்கு 45 கோடி டாலர் அளவில் ஆகும் என்று ஒரு மதிப்பீடு. பாலம் எதற்கு, நெடுஞ்சாலையையே எடுத்துவிட்டு மரங்கள் வரிசையிட்ட சாதாரணத் தெரு ஆக்குங்கள் என்பவர்களும் உண்டு. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எதைச் செய்தாலும் புதிதாக நிலம் பிறக்கும். அது யார் பெயரில் பிறக்கும் என்பதுதான் என் கேள்வி.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்றால், டல்லாஸில் இதே வேலையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். நெடுஞ்சாலைக்கு மேலே அமைத்த கிளைட் வாரன் பூங்கா 2012இல் திறந்தது. அழகான பூங்கா. சுற்றியிருந்த நில விலை ஏறியது, ஆடம்பரக் கட்டடங்கள் எழுந்தன. ரோண்டோவிலும் அப்படி நடந்தால், முதல்முறை புல்டோசர் விரட்டிய குடும்பங்களை இரண்டாம் முறை வாடகையும் சொத்து வரியும் விரட்டும். அந்த முறை கோடரி தேவைப்படாது.

இதற்கான விடையை அந்த மக்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 1993இல் தொடங்கிய ரோண்டோ சமூக நில அறக்கட்டளை, நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் குடும்பத்துக்கு விற்கிறது. விற்கும்போது குடும்பத்துக்கு நியாயமான லாபம் உண்டு; ஆனால் அடுத்து வாங்குகிற எளிய குடும்பத்துக்கும் எட்டும் விலையில்தான் விற்க வேண்டும். கோயில் மனையில் வீடு கட்டிக்கொண்டு குடியிருப்பவர்களைப் பார்த்திருக்கும் நமக்கு, மண் ஒருவருக்கும் வீடு இன்னொருவருக்கும் என்பது புதிதில்லை. செல்பி அவென்யூவில் கடைகளுக்கும் இதே முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அவர்கள் உங்களிடம் பிச்சை கேட்டு வாழ்ந்தவர்கள் இல்லை என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். யூனிவர்சிட்டி அவென்யூவில் கிரீன் லைன் ரயில் திட்டமிட்டபோது, ஹாம்லின், விக்டோரியா, வெஸ்டர்ன் ஆகிய மூன்று நிறுத்தங்களும் ஆரம்பத் திட்டத்தில் இல்லை. ஏழைகள் அதிகம் பஸ்ஸை நம்பியிருந்த பகுதி அது; ரயில் அவர்கள் வாசலைக் கடந்து நிற்காமல் ஓடியிருக்கும். பகுதி மக்கள் சேர்ந்து வாஷிங்டன் வரை பேசினார்கள், மூன்று நிறுத்தங்களும் கிடைத்தன. இன்று அங்கே ஏறி இறங்குகிற எத்தனையோ பேரில் நானும் ஒருவன். ஊரே போன பிறகும் 1983 முதல் ஜூலைதோறும் ரோண்டோ நாட்கள் என்று விழா எடுத்துக் கூடுகிறார்கள். 2018இல் பழைய ரோண்டோ அவென்யூ ஓடிய இடத்திலேயே நினைவுச் சதுக்கமும் அமைத்தார்கள்.

2015 ஜூலையில் அந்த விழாவையொட்டித்தான் நகர மேயரும், உங்கள் துறையின் அப்போதைய ஆணையர் சார்லி ஜெல்லியும் மன்னிப்புக் கேட்டார்கள். அரசுத் துறை ஒன்று தன் வாயால் மன்னிப்புக் கேட்பது லேசான காரியம் அல்ல, மதிக்கிறேன். ஆனால் அன்று பறித்தது பத்திரத்தில் இருந்த நிலம். திருப்பித் தருவதும் பத்திரத்தில்தானே இருக்க வேண்டும்?

ஆகவே, வரைபடமும் செலவுக் கணக்கும் முடியட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே எழுதிக் கொடுங்கள்: பள்ளத்துக்கு மேலே உருவாகும் நிலத்தின் உரிமை, அல்லது சட்டம் இடம் தராவிட்டால் நீண்டகாலக் குத்தகை, ரோண்டோ மக்கள் நடத்தும் அறக்கட்டளைக்கே என்று. சாலையை ஒட்டி உங்கள் கையில் உபரியாகக் கிடக்கும் மனைகளையும் அதிலேயே சேருங்கள்; அவற்றுக்குப் பாலம் வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. வேலை நடக்கும் ஆண்டுகளில் நான் சுற்றிக்கொண்டு அலுவலகம் போக நேரும். போகிறேன்.

பதில் ஆங்கிலத்திலேயே இருக்கலாம். பத்திரத்தின் வரைவு இணைப்பாக வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் சாலையில் போய்வரும் ஒருவன்