ஆண்டறிக்கை: மோனோவி மக்கள்தொகை ஏடு

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

நமது புவியியல் வட்டம் இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட ஊர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், பாய்டு கவுண்டியைச் (மாவட்டம் போன்ற பிரிவு) சேர்ந்த மோனோவி. வரைபடமும் மக்கள்தொகை அட்டவணையும் முடிந்துவிட்டன. அவற்றை எடுத்தாள்பவர்கள் எங்கே தடுக்கி விழக்கூடும் என்பதையே இவ்வறிக்கையில் அதிகம் சொல்கிறேன்.

மாநிலத்தின் வடகிழக்கில், தெற்கு டகோட்டா எல்லையை ஒட்டிய கவுண்டி இது. நையோபிராரா, மிசௌரி ஆறுகளுக்கு இடைப்பட்ட மேட்டுப் புல்வெளியில், மாநில நெடுஞ்சாலை 12 மேல் ஊர் இருக்கிறது. பரப்பு 0.21 சதுர மைல், ஏறத்தாழ 134 ஏக்கர். நெப்ராஸ்காவில் கிராமம் என்பது எல்லை வரையறுத்த ஓர் உள்ளாட்சி அமைப்பு. எல்லைக்கு வெளியே உள்ள பண்ணைவீட்டுக்காரர்கள் கவுண்டிக் கணக்கில் வருவார்களே தவிர, கிராமக் கணக்கில் வரமாட்டார்கள். பழைய குறிப்புகளில் ஆள் எண்ணிக்கை கூடிக் குறைந்து தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ரயில் பாதை வந்த 1902இல் பிறந்த ஊர். கணக்கெடுப்பில் 1930இல் 123 பேர், 1960இல் 40, 1980இல் 18, 1990இல் 6, 2000இல் 2, 2010இல் 1. பண்ணைகள் இயந்திரமயமாகிப் பெரிதானதும் வேலையாட்கள் தேவைப்படவில்லை. இளையோர் நகரங்களுக்குப் போனார்கள். 1967 முதல் 1970க்குள் அஞ்சலகமும் மளிகைக் கடைகளும் மூடப்பட்டன. 1974இல் பள்ளியும் போயிற்று. கவுண்டி முழுவதுமே இப்படித்தான் வற்றியது: 2000இல் 2,438 பேர், 2020இல் 1,810.

அட்டவணையில் சிக்கலான கட்டம் 2020. அதில் 2 என்று இருக்கிறது. ஊரில் வசித்தவரோ ஒருவர்தான். எண்ணியவர்கள் தவறு செய்யவில்லை. தனிமனிதர் விவரம் வெளியே தெரியக் கூடாது என்ற சட்டக் கடமைக்காக, கணக்கெடுப்புத் துறை அந்த ஆண்டு சிறிய பகுதிகளின் எண்களில் வேண்டுமென்றே சிறு பிறழ்வைக் கலந்தது. மாநிலத் தொகையில் கை வைக்கவில்லை. நெப்ராஸ்காவின் 19,61,504 எண்ணியபடியே உள்ளது. கணக்கெடுப்பின் மிகச் சிறிய அலகான தெருக்கட்டம் வரை வீடுகளின் எண்ணிக்கையும் மாறவில்லை. ஆட்களின் எண்ணிக்கைதான் மாறும். எண் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாததால், மிகச் சிறிய ஊர்களில் இந்தப் பிறழ்வு மேல்நோக்கியே சாய்கிறது. 2010இல் வேறு முறை: ஒத்த குடும்பங்களின் விவரங்களை இடம் மாற்றினார்கள், தெருக்கட்டத்தின் மொத்த ஆள்தொகையைத் தொடவில்லை. ஆகவே 2010இன் 1ஐயும் 2020இன் 2ஐயும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை. அப்படிச் செய்தால் பத்தாண்டில் நூறு விழுக்காடு வளர்ச்சி என்று வரும். நாட்டிலேயே வேகமாக வளரும் ஊர் என்று எழுதவும் ஆள் கிடைப்பார்!

இதனால் செயற்குழு இரண்டு முடிவுகள் எடுத்தது. 2020 எண்ணைத் திருத்தாமல் வெளியான வடிவிலேயே அச்சிட்டு அடிக்குறிப்பு சேர்ப்பது ஒன்று; நூறு பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு அட்டவணையில் விழுக்காட்டு நெடுவரிசையையே எடுத்துவிடுவது இன்னொன்று. போக்கைப் பார்க்க விரும்புவோர் பல ஊர்களைக் கூட்டிப் பார்க்கட்டும். கூட்டும்போது பிறழ்வுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். ஆண்டுதோறும் மாதிரி எடுத்து வரும் மதிப்பீடுகளை இந்த அளவு ஊருக்குப் பயன்படுத்தவே வேண்டாம். பிழை எல்லை எண்ணையே விழுங்கிவிடும்.

ஆள் குறைந்தால் கிராமத் தகுதி தானாகப் போய்விடாதா என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். போகாது. அங்கே ஒருவரே தலைவர், எழுத்தர், பொருளாளர். சாலைத் திட்டத்தை ஆண்டுதோறும் மாநிலத்துக்கு அனுப்பித்தான் நான்கு தெருவிளக்குகளுக்கு நிதி வாங்குகிறார்கள்.

அதே கவுண்டியின் லிஞ்ச், பிரிஸ்டோ, பியூட் ஊர்களின் ஏடுகள் அடுத்த ஆண்டுக்கு. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

இவண்,
செயலாளர்