உறுப்பு மாற்று ஆணையத்துக்கு: "எங்க ஆளுங்களுக்கு மட்டும்" என்றால் என்ன பதில்?

டிரான்ஸ்டான் (தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம்) உறுப்பினர் செயலர் அவர்களுக்கு வணக்கம்.

மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம், "கொடுக்கிறோம், ஆனா எங்க ஆளுங்களுக்கு மட்டும்தான்" என்று சொன்னால் ஐசியூ வாசலில் நிற்கும் உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் என்ன சொல்ல வேண்டும்? 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, இறந்தவரின் உறுப்பைத் தேவைப்படும் எவருக்கும் பொருத்தலாம் என்கிறது. நிபந்தனை வந்தால் மறுத்துவிடு என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

வீண் பயம் என்று நினைக்காதீர்கள். 1998-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு குடும்பம் வெள்ளையருக்கு மட்டும் என்று சொல்லித்தான் கொடுத்தது, வாங்கியும் கொண்டார்கள், கல்லீரலும் சிறுநீரகங்களும் பொருத்தப்பட்டன. பிறகு விஷயம் வெடித்து, எந்த நிபந்தனையும் கூடாது என்று 2000-ல் விசாரணைக் குழு சொன்னது. வாங்கியவர்களை நான் திட்டமாட்டேன். மறுத்தால் ஒரு நோயாளி செத்துப்போவார் என்ற நிலையில் யார்தான் நியாயம் பேசுவார்? அதனால்தான் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறேன்.

வெள்ளையர் என்ற இடத்தில் ஒரு சாதிப் பெயரைப் போட்டுப் பாருங்கள். பெண் பார்ப்பதிலிருந்து சுடுகாடு வரை சாதி கேட்கிற ஊர் இது. ஒரு தடவை ஒத்துக்கொண்டால், அரசு மருத்துவமனையில் மகனைப் பறிகொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடப்போகும் கூலிக் குடும்பம், "எங்க பிள்ளை இதயம் யாருக்கும் போகலாம், அவங்க ஈரல் மட்டும் எங்களுக்கு வராதா?" என்று கேட்கும். சரியான கேள்விதானே. அப்புறம் அவர்களும் கொடுக்க மாட்டார்கள், ஒரு ஈரலைக் காப்பாற்றப் போய்ப் பலவற்றை இழப்போம்.

அதற்காக எல்லா விருப்பத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி எறிந்துவிடாதீர்கள். 2008-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் இறந்த 21 வயதுப் பெண், தன் அம்மாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க ஏற்கெனவே விரும்பியிருந்தவர். விதி விதிதான் என்று அவருடைய உறுப்புகளை முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்தார்கள். உயிரோடு இருக்கும்போது அம்மாவுக்குக் கொடுக்கலாம், செத்த பிறகு கூடாது என்பது என்ன கணக்கு? எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. 2010-ல் பிரிட்டன் வழிவிட்டது: முதலில் நிபந்தனையில்லாத சம்மதம், அதன்பின் உறவினருக்கோ நெருங்கிய நண்பருக்கோ கேட்டால் பரிசீலனை, அதுவும் உயிருக்குப் போராடும் வேறு அவசர நோயாளி இல்லையென்றால்.

நண்பர் என்பதை மட்டும் இங்கே சேர்க்க வேண்டாம், சாதிச் சங்கத் தலைவரே நண்பராக வந்து நிற்பார். நெருங்கிய உறவினர் யார் யார் என்று நம் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குடும்பம் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திடும் படிவம் 8 மத்திய விதிகளில் உள்ளது, நீங்கள் திருத்த முடியாது என்று தெரியும். சுற்றறிக்கை அனுப்பலாம் இல்லையா? சாதி, மதம், மொழி எதைச் சொல்லி நிபந்தனை வந்தாலும் அந்த உறுப்பு வேண்டாம், அம்மா டயாலிசிஸில் இருக்கிறார் என்றால் மேலே சொன்ன வரம்புக்குள் பாருங்கள் என்று ஒரு பக்கம் போதும். அது தமிழில் இருக்கட்டும், ஒருங்கிணைப்பாளர் அதை அப்படியே குடும்பத்திடம் காட்டட்டும்.