பக்கம் பூட்டப்பட்ட பிறகு

ஆசிரியருக்கு வணக்கம்.

செந்தூலில் நாங்கள் நடத்தும் வாசகர் வட்டத்தின் சமூக ஊடகப் பக்கத்தைத் தைப்பூசத்துக்கு முதல் நாள் காரணமே சொல்லாமல் முடக்கிவிட்டார்கள், ஆறு வருடப் படங்கள் போயே போச்சு. அப்புறம்தான் மாஸ்டடான். நமக்கென்று ஒரு சமூக ஊடகத் தளம் நடத்த 2016-இல் வந்த திறமூல மென்பொருள், காசு இல்லை, வாடகை சர்வரில் நாமே நிறுவிக்கொள்ளலாம், ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் ஓடுவதால் வேறு சர்வரில் இருப்பவரும் நம்மைப் பின்தொடரலாம். தலைவலி இல்லாமலில்லை. மற்ற சர்வர்களிலிருந்து வரும் படங்களுக்கும் நம்மிடம் நகல் சேரும்; அப்படி டிஸ்க் நிறைந்து, ராத்திரி இரண்டு மணிக்குத் தேத்தாரேயும் கையுமாக உட்கார்ந்து அழித்தேன். மாஸ்டடான் கனமாகத் தெரிந்தால் கோடூசோஷல் என்ற இதே வகை இலகுவான மென்பொருள் இருக்கிறது, பழைய கணினியே போதும். ஞாயிறு பதிப்பில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்குங்களேன்.

ஒரு வாசகர்,
கோலாலம்பூர்