செம்பவாங்கில் வளர்ந்தவர்கள் சொல்வதை முறையாகப் பதிவு செய்யுங்கள்: ஒரு திறந்த மடல்

தேசிய மரபுடைமைக் கழகத்துக்கும், தேசிய ஆவணக் காப்பகத்துக்கும், அட்மிரல்டி மாளிகை அமைந்துள்ள புக்கிட் கேன்பரா வளாகத்தை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

சிங்கப்பூரின் வடக்கே, செம்பவாங்கில் குன்றின் மேல் நிற்கும் பழைய அட்மிரல்டி மாளிகை 1939-ல் கட்டப்பட்டது. 2002-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கடலோரம் செம்பவாங் பூங்காவுக்குள் இருக்கும் பியூலி ஹவுஸ் அதைவிட மூத்தது, 1910களைச் சேர்ந்தது. 2005-ல் அதுவும் பாதுகாக்கப்படும் கட்டடமாயிற்று. இரண்டுக்கும் சட்டம் காவல் நிற்கிறது. கூரையில் கை வைப்பதென்றாலும் சன்னலை மாற்றுவதென்றாலும் அனுமதி வேண்டும். இந்த வீடுகளைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகளின் நினைவுக்கு அப்படி ஒரு காவலும் இல்லை. அதற்காகவே இந்த மடல்.

காலம் குறைவு. 1938 பிப்ரவரியில் இங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளம் திறந்தது. 1968-ல் அதன் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து செம்பவாங் ஷிப்யார்டு ஆனது. 1971 அக்டோபர் இறுதியோடு பிரிட்டிஷ் தூரக் கிழக்குப் படைத் தலைமையகம் மூடப்பட்டது. அன்று பத்து வயதுப் பிள்ளை இன்று அறுபதுகளின் நடுவில் இருக்கிறார். போர் முடிந்த முதல் ஆண்டுகளை விவரம் தெரிந்த வயதில் பார்த்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் ஐந்தாண்டு கழித்துத் தொடங்கினால் பாதிப் பேரிடம் கேட்க முடியாது.

வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் செய்துவரும் பணியின் மேல் எங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் ஒரு வட்டாரத்தின் குழந்தைப் பருவத்தைத் தொகுப்பது, ஒரு தலைவரின் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவதிலிருந்து வேறுபட்ட வேலை. அதில் எங்கெங்கே தவறு நேர்கிறது, எப்படிச் செய்தால் பயன் உண்டு என்பதை விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் தவறு ஒன்றுகூடலில் தொடங்குவது. பழைய அண்டைவீட்டார் எல்லாரையும் சாப்பாட்டுக்கு அழைத்து மேசை நடுவில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிடுவார்கள். அதில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஆளின் நினைவுதான். குரல் ஓங்கியவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு தனியாகக் கேட்டால், அன்று மேசையில் கேட்டதையே தாங்கள் கண்டதாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. பிறர் சொன்னது நம் நினைவோடு ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே முதலில் தனித்தனியாக, கூட்டம் கடைசியில். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் அப்படியே வைத்திருங்கள். சமரசமாக மூன்றாவது ஒன்றை எழுதிவிடாதீர்கள்.

இரண்டாவது தவறு, பேச்சு தொடங்கும் முன்பே பழைய வரைபடத்தையும் படங்களையும் காட்டிவிடுவது. காட்டியதும் அவர்கள் கண் அதில் உள்ளதைத்தான் தேடும், வரைபடத்தில் இல்லாத ஒற்றையடிப் பாதை வாய்க்கு வராமலே போகும். நாங்கள் பரிந்துரைப்பது இது. வெற்று ஏ3 தாள் ஒன்று, தடித்த கறுப்புப் பேனா ஒன்று. வீட்டிலிருந்து பள்ளிக்கு, கடைக்கு, கோயிலுக்கோ மசூதிக்கோ, கடலுக்கு, மாளிகை வேலி வரைக்கும் போகும் வழியை வரையச் சொல்லுங்கள். திசையும் அளவும் கேட்க வேண்டாம். வரைய வராது என்பவர் சொல்லச் சொல்ல உடனிருப்பவர் கோடு போடலாம். பதினைந்து நிமிடம் போதும், ஒலிப்பதிவு ஓடிக்கொண்டே இருக்கட்டும். எங்கே கோடு தயங்குகிறதோ அங்கேதான் நாயோ, காவலாளியோ, முள்வேலியோ இருந்திருக்கும். அந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

இதற்குப் பிறகுதான் 1950கள், 60களின் நிலவரைபடத்தை ஏ1 அளவில் அச்சிட்டு மேசையில் விரிக்க வேண்டும். அதன்மேல் டிரேசிங் தாளை வைத்து, ஆளுக்கொரு தாளில் அதே வழியைக் குறிக்கச் செய்யுங்கள். பிறகு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், பலர் நடந்த பாதை தடித்துத் தெரியும், ஒருவர் மட்டுமே அறிந்த பாதை மெல்லியதாக நிற்கும். இரண்டுமே வேண்டியவை. தாள்கள் சரியாகப் பொருந்த, இடம் மாறாத சிலவற்றை நிலைப்புள்ளிகளாக முதலில் குறித்துக்கொள்ளுங்கள்: குன்றின் மேல் மாளிகை, கரையில் பியூலி ஹவுஸ், அதன் அருகே படகுத்துறை, 1960களில் எழுந்த பெத்தெம்பாத்தான் மெலாயு பள்ளிவாசல். நான்கு புள்ளிகள் பொருந்திவிட்டால் மற்றவை தாமாகவே இடத்தில் விழும்.

இடம் மாறிய பெயர்களிடம் மிகுந்த கவனம் வேண்டும். இன்று சோங் பாங் என்றால் இளையவர்களுக்கு அண்டை நகரான ஈசூனில் உள்ள பகுதிதான் தெரியும். முதியவர் சொல்வது சுல்தான் தியேட்டர் இருந்த பழைய சோங் பாங் கிராமத்தை. கடற்படைத் தளத்தின் பெயர் தாங்கிய பள்ளிகளும் இப்போது ஈசூனில் இருக்கின்றன. கேன்பரா சாலைப் பக்கம் மரத்தடியில் தொடங்கிய ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமும் ஈசூனுக்குப் போய்விட்டது, பங்குனி உத்திரம் இப்போது அங்கேதான் நடக்கிறது. குன்றின் மேல் உள்ள மாளிகைக்கும் காலத்துக்கேற்பப் பெயர் மாறியிருக்கிறது. போதாக்குறைக்கு, “கடற்படைப் பெரிய துரையின் பங்களா” என்று ஒருவர் சொன்னால் அது குன்று வீடா கரை வீடா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. “வாசலில் நின்றால் கடல் தெரிந்ததா?”, “வீட்டுக்கு ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா?” என்ற இரண்டு கேள்வியில் குழப்பம் தீர்ந்துவிடும். எழுத்தாக்கும்போது அவர் சொன்ன பெயரை அப்படியே வைத்து, இன்றைய இடத்தைத் தனிப் பத்தியில் குறியுங்கள்.

ஆண்டைக் கேட்காதீர்கள். “அது அறுபத்து நாலா, அறுபத்தாறா?” என்று கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். தொலைக்காட்சி வந்த பிறகா முன்பா (1963), சிங்கப்பூரின் புதிய வெள்ளி (டாலர்) நோட்டு வந்த பிறகா முன்பா (1967), கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிய பிறகா முன்பா (1982) என்று கேளுங்கள். எந்த வகுப்பில் படித்தீர்கள், எந்தத் தம்பி பிறந்திருந்தான் என்று கேட்டால் பிறப்புச் சான்றிதழை வைத்து ஆண்டைக் கணக்கிடலாம்.

இனி மாளிகைக்கு வருவோம். எங்களுக்கு முக்கியமானது இதுதான். அந்த வீட்டின் வரலாறு பெரும்பாலும் அதில் குடியிருந்த அதிகாரிகளின் வரிசையாகவே சொல்லப்படுகிறது. படங்களும் அப்படியே. கேமரா பெரும்பாலும் அதிகாரிகளின் குடும்பங்களிடம் இருந்தது, அதனால் புல்வெளியும் முன்வாசலும் விருந்தும் நிறையக் கிடைக்கும். சமையற்கட்டுப் பக்கமும் வேலைக்காரர் குடியிருப்பும் துணி உலர்த்திய இடமும் அரிதாகவே கிடைக்கும். சமையல்காரர், தோட்டக்காரர், சலவைத் தொழிலாளி, ஆயா, ஓட்டுநர் ஆகியோரின் பிள்ளைகள் வீட்டைப் பார்த்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். அவர்களிடம் படம் இல்லை. அவர்கள் வரைந்து காட்டும் ஏ3 தாள்தான் அவர்களின் ஆல்பம்.

“மாளிகை எப்படி இருந்தது?” என்று பொதுவாகக் கேட்டால் “பெரிசா, அழகா இருந்திச்சு” என்பதோடு பதில் முடிந்துவிடும். எந்த வாசல் வழியாக உள்ளே போனீர்கள்? செருப்பை எங்கே கழற்றினீர்கள்? எந்த இடத்துக்கு மேல் போகக் கூடாது, அதை யார் சொன்னது, எந்த மொழியில்? கீழே விழுந்த எந்தப் பழத்தை எடுக்கலாம், எதை எடுத்தால் திட்டு விழும்? அடுக்களையில் விறகா, கரியா, எரிவாயுவா? துணி எங்கே உலர்ந்தது? இரவில் எந்தச் சன்னலில் விளக்கு எரியும்? இப்படிக் கேட்டால் வீடு தானாக வெளிவரும். சொன்னதைக் கட்டடத்தின் தரைத்தள வரைபடத்தில் அறை அறையாக எண்ணிட்டுக் குறித்தால், பிற்காலத்தில் செப்பனிடுவோருக்கும் அது உதவும். மூடிய கதவும், இடம் மாறிய சுவரும் இப்படித்தான் தெரியவருகின்றன.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில், நன்றாகப் பேசுபவர்களையே சுற்றி வராதீர்கள். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பெண்பிள்ளைகள் எவ்வளவு தூரம் தனியே போகலாம் என்பதும் எந்த வேலைக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதும் வேறு, அதனால் அவர்களின் வரைபடமும் வேறு. தமிழரோடு மலையாளிகள், மலாய்க்காரர், சீனர், இப்போது வெளிநாட்டில் இருக்கும் கடற்படைக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் வேண்டும்.

பேட்டி அவரவர் மொழியில் நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பதில் வரும், வீட்டுப் பேச்சு வராது. எழுத்தாக்கும்போது பேச்சுத் தமிழைச் செந்தமிழாக்க வேண்டாம். நடுவே வரும் கம்போங் (கிராமம்), பாசார் (சந்தை), ஜாகா (காவலாளி) போன்ற சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்திலேயே இருக்கட்டும். மென்பொருளை நம்பி விட்டுவிட முடியாது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலக்கும்போது ஊர்ப் பெயர்களைத்தான் அது முதலில் சிதைக்கும். கையால் செய்தால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். நாற்பது பேர், ஆளுக்கு இரண்டு அமர்வு, அமர்வுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் என்றால் மொத்தம் ஏறக்குறைய 90 மணி நேரப் பதிவு. எழுத்தாக்க 540 முதல் 720 மணி நேரம் வேண்டும். வாரம் 20 மணி நேரம் உழைக்கும் இருவருக்கு மூன்று முதல் நாலரை மாத வேலை. கேட்பதற்கு மட்டும் பணம் ஒதுக்கி இதற்கு ஒதுக்காததால்தான் பல பதிவுகள் யாரும் திறக்காத கோப்புகளாகக் கிடக்கின்றன.

ஒலிப்பதிவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சட்டையில் மாட்டும் மைக், வாய்க்கு ஒரு சாண் கீழே. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. மின்விசிறி நிற்கட்டும். செம்பவாங் விமானத் தளத்து ஹெலிகாப்டர் கடந்தால் பேச்சை நிறுத்தி மீண்டும் கேளுங்கள்.

படங்களில்தான் மீட்க முடியாத சேதம் நேர்கிறது. பிசின் தடவிய அட்டையும் மேலே பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்கள் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தன. நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தப் பிசின் மஞ்சளாகி இறுகிவிடும். நகத்தால் பெயர்த்தால் படத்தின் பின்தாள் கிழியும். முதலில் பக்கத்தை முழுதாக ஸ்கேன் செய்யுங்கள். யார் பக்கத்தில் யார் என்ற வரிசையும் ஒரு தகவல்தான். பிறகு, வர இடம் கொடுக்கும் படத்தை மட்டும் பல் இடுக்கு நூலை அடியில் செலுத்தி மெதுவாக எடுக்கலாம். வராததை விட்டுவிடுங்கள். சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ, தீப்பெட்டி அளவுப் படத்துக்கு 1200, டிஃப் கோப்பாக. பின்புறத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். பெயர் எழுத மென்மையான பென்சில் போதும். பந்துமுனைப் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். நெகட்டிவ் உறையில் புளிக்காடி வாடை வந்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து முதலில் படியெடுங்கள். அசலை அன்றே உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள். ஆல்பத்தை விட்டுவிட்டுப் போக முதியவர்கள் தயங்குவது நியாயமே.

ஒப்புதல் படிவத்தை ஒரே கையெழுத்தோடு முடிக்காதீர்கள். ஆய்வாளர் கேட்கலாமா, பொதுமக்கள் கேட்கலாமா, படத்தைக் காட்சிக்கு வைக்கலாமா, சில பகுதிகளைத் தம் காலத்துக்குப் பிறகே திறக்க வேண்டுமா என்பதற்குத் தனித்தனிக் கட்டம் வேண்டும், தமிழில் வேண்டும். எழுத்தாக்கியதைக் கையில் கொடுத்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் கேளுங்கள்.

எங்கள் வேண்டுகோள் இவ்வளவே. அட்மிரல்டி மாளிகையில் ஒரு சிறு அறையை மாதம் இரண்டு சனிக்கிழமை காலை இந்தப் பணிக்கு ஒதுக்குங்கள். சக்கர நாற்காலி வரக்கூடிய அறையாக அது இருக்கட்டும். சன் பிளாசாவில் உள்ள செம்பவாங் பொது நூலகத்தில் ஸ்கேன் செய்யும் நாட்களை நடத்துங்கள். பதிவுகளைத் தேசிய ஆவணக் காப்பகம் ஏற்று, பொதுமக்கள் படங்களுக்கு விவரம் சேர்க்க 2015 முதல் நடத்திவரும் குடிமக்கள் ஆவணத் திட்டத்தில் சேர்க்கட்டும். மாளிகையின் விளக்கப் பலகைகளை அடுத்த முறை புதுப்பிக்கும்போது, அடுக்களைப் பக்கத்து நினைவுகளுக்கும் அங்கே இடம் கொடுங்கள், அவை சொல்லப்பட்ட மொழியிலேயே.

எண்பதைத் தாண்டியவர்களிடமிருந்து தொடங்குங்கள். நிலைப்புள்ளிகள் குறித்த வரைபடம், இடம் மாறிய பெயர்களின் பட்டியல், தமிழ்க் கேள்வித்தாள் மூன்றையும் உங்களிடம் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறோம். எந்த அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
செம்பவாங் வட்டார நினைவுகளைத் தொகுக்கும் குழுவினர்