மூலை அறைக் கட்டில்

ஆரஞ்ச்பர்க், தென் கரோலினா
1965 ஆகஸ்ட் 22

அன்புள்ள மகனுக்கு,

நீங்கள் அனைவரும் ஃபிலடெல்ஃபியாவுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக உன் மனைவி எழுதியிருந்தாள். இரவில் வண்டி ஓட்டாதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். இந்த முறையும் 301ஆம் சாலையில் விடிய விடிய ஓட்டிவந்ததாக வாசலில் நின்று சொன்னாய். சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. பிள்ளைகள் குளித்துத் தலைவாரியிருந்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. சின்னவள் என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போன, காகிதம் சுற்றிய சிறு சோப்புக்கட்டி சமையலறை ஜன்னலில் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

விடுதிகளும் உணவகங்களும் கறுப்பர்களை மறுக்கக் கூடாதென்று சென்ற ஆண்டு ஜூலை 2 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தை எதிர்த்து வழக்காடிய, அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட மோட்டலின் முதலாளிக்கு எதிராக டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமித்துத் தீர்ப்பளித்த செய்தியை உன் அப்பா இருந்து படித்திருக்க வேண்டும். மகன் முன்வாசல் வழியாக நுழைந்து, பதிவேட்டில் தன் பெயரை எழுதிச் சாவி வாங்குவது பெற்றவளுக்குப் பெருமைதான். அவளுடைய வீடு எட்டு மைலில் இருக்கும்போது அந்தச் சாவி எதற்கு என்றும் அவளுக்குத் தோன்றத்தான் செய்யும். உரிமையாளரே குடியிருந்து, ஐந்து அறைகளுக்கு மேல் வாடகைக்கு விடாத வீடுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதாம். நமக்கு நான்குதான். எவரையும் திருப்பியனுப்பாத வீட்டுக்கு விலக்கு எதற்கு என்று முதலில் சிரித்தேன்.

கறுப்பர்கள் பயணத்தில் நம்பித் தங்கக்கூடிய இடங்களைச் சொல்ல, நியூயார்க்கின் ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936இல் தொடங்கிய கையேட்டில் நம் விலாசம் அச்சான பிறகு, எஸ்ஸோ பெட்ரோல் நிலையத்தில் அதை வாங்கிக்கொண்டு எத்தனை குடும்பங்கள் வந்தன! வழியில் எந்த உணவகமும் நம்மவர்களை உட்காரவிடாது என்பதால் செருப்புப் பெட்டியில் பொரித்த கோழியும், கழிப்பறை மறுக்கப்படும் என்பதால் ஒரு பழைய தகர டப்பாவும் அவர்களோடு வரும். இருட்டிய பிறகு கறுப்பர்கள் தலைகாட்டக் கூடாத ஊர்களைக் கடந்து வந்தவர்கள், நம் வராந்தா விளக்கைக் கண்டதும் சில நிமிடங்கள் வண்டியைவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருப்பார்கள். 1960 மார்ச்சில், உணவகங்களில் சம உரிமை கேட்டு ஊர்வலம் போய்க் கைதான 350க்கும் மேற்பட்ட மாணவர்களைத் தேடி வந்த பெற்றோர்கள் நம் கூடத்தில் தரையில்கூடப் படுத்தார்கள். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று உனக்கு எப்போதும் சொல்லிவந்தேன். அது பொய்யல்ல.

ஆனால் 1947 டிசம்பரில் ஒரு இரவு அது பொய். உனக்குப் பதினொரு வயது. காய்ச்சலில் மூலை அறைக் கட்டிலில் கிடந்தாய். ஃப்ளோரிடா போகும் ஒரு தம்பதியர் நள்ளிரவில் கதவைத் தட்டினார்கள். தேவாலயத்துக்கு அடுத்த வீட்டு அம்மாளிடம் அன்று ஓர் அறை காலியாக இருந்தது. அது எனக்குத் தெரியும். பிள்ளையை எழுப்பாதே, அங்கே அனுப்பிவிடலாம் என்று உன் அப்பா சொன்னார். இரண்டு டாலர் அவளுக்குப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. உன்னைத் தூக்கிச் சமையலறை பெஞ்சில் கிடத்தி, உன் சூடு ஆறாத படுக்கையில் வேறு விரிப்பை விரித்தவள் நான்தான். "இது யாருடைய வீடு, அம்மா?" என்று கேட்டாய். காய்ச்சலில் பிதற்றுகிறாய் என்று அவர்களிடம் சொன்னேன்.

இந்த மாதம் மூன்று பேர்தான் தங்கினார்கள். மூலை அறையை நான் இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. கட்டிலுக்குப் புதிய மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறேன். இருவர் படுக்கலாம், பிள்ளைகளுக்குப் பக்கத்து அறை இருக்கிறது. நீச்சல்குளம்தான் இல்லை.

நவம்பரில் வருவதானால் பகலிலேயே புறப்படு. பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதே. இரவில் ஓட்டாதே.

இப்படிக்கு,
அம்மா