கிரேக்கத் திருப்பயணம்: ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் திருப்பலி ஏன் இல்லை?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புனித பவுல் நடந்த மண்ணைக் காண எங்களுடன் கிரேக்கம் வரப் பதிவு செய்திருக்கும் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். தெசலோனிக்காவிலும் கொரிந்திலும் தெருவுக்குத் தெரு ஆலயம் இருக்கும்போது, உடன் வரும் நம் கத்தோலிக்கக் குருவானவர் அங்கே ஏன் திருப்பலி நிறைவேற்றக் கூடாது? நாம் ஏன் அங்கே நற்கருணை வாங்கக் கூடாது? "இயேசு ஒருவர்தானே ஐயா" என்று ஓர் அம்மா தொலைபேசியில் வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது. அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறோம்.

அங்குள்ள ஆலயங்களில் பெரும்பாலானவை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவை. 1054-இல் ரோமும் (கத்தோலிக்கத் திருச்சபை) கான்ஸ்டான்டிநோபிளும் (இன்றைய இஸ்தான்புல், ஆர்த்தடாக்ஸ் திருச்சபை) பிரிந்ததை மறைக்கல்வியில் படித்திருப்பீர்கள். கிரேக்கர்களுக்கு அதைவிட ஆறாத புண் 1204. எருசலேமுக்கென்று புறப்பட்ட, மேற்கத்திய கத்தோலிக்கர்களின் நான்காம் சிலுவைப்போர்ப் படை, கான்ஸ்டான்டிநோபிளுக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடியது. ஹகியா சோபியா பேராலயத்தின் பலிபீடத்தையே உடைத்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள். செய்தவர்களும் சிலுவை அணிந்தவர்கள் என்பதுதான் கொடுமை. அந்நகரிலிருந்து போன வெண்கலக் குதிரைகள் இன்றும் வெனிஸில் புனித மாற்கு பேராலயத்தில் இருக்கின்றன.

இந்தக் காயம் எவ்வளவு ஆழமானது என்பது 2001-இல் வெளிப்பட்டது. பவுலின் வழியில் திருப்பயணம் செல்ல விரும்பிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலை கிரேக்க அதிபர் அழைத்தார். அந்நாட்டுத் திருச்சபையோ தயங்கித் தயங்கித்தான் இசைந்தது. துறவிகளும் பக்தர்களும் ஏதென்ஸ் வீதியில் இறங்கி எதிர்த்தார்கள். மே 4-ஆம் தேதி திருத்தந்தையை எதிரில் வைத்துக்கொண்டே, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைவரான பேராயர் கிறிஸ்டோடுலோஸ் கத்தோலிக்கர் இழைத்த குற்றங்களை அடுக்கினார். இதுவரை மன்னிப்புக் கேட்டு ஒரு குரலும் எழவில்லை என்றார். முதுமையும் நோயும் வாட்டிய திருத்தந்தை மறுத்துப் பேசவில்லை. கத்தோலிக்கப் பிள்ளைகள் ஆர்த்தடாக்ஸ் சகோதரர்களுக்கு எதிராகச் செய்த பாவங்களை ஆண்டவர் மன்னிக்கட்டும் என்று வேண்டினார். பேராயர் கைதட்டினார். அன்று மாலை இருவரும், பவுல் உரையாற்றிய அரயோபாகுக் குன்றில் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். ஏதென்ஸில் நாம் ஏறப்போவது அதே குன்றுதான். அடிவாரப் பாறையில் பவுலின் உரை கிரேக்க மொழியில் வெண்கலப் பலகையாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. பாறை வழுக்கும், நல்ல செருப்பு அவசியம்.

உறவு மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஏதென்ஸ் சென்றபோதுகூட, முதிய ஆர்த்தடாக்ஸ் குரு ஒருவர் அவரை நோக்கி "பதிதர்" (உண்மை விசுவாசத்திலிருந்து விலகியவர்) என்று கத்தினார். நற்கருணையில் ஒன்றிக்கும் நாள் இன்னும் வரவில்லை. அவர்கள் வீட்டில் விருந்தாளியாக நிற்கும்போது அந்த வலியை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

ஆகவே நம் திருப்பலி, ஏதென்ஸில் புனித தியோனீசியு கத்தோலிக்கப் பேராலயத்திலும், தெசலோனிக்காவில் அங்குள்ள கத்தோலிக்க ஆலயத்திலும், மற்ற ஊர்களில் விடுதி அரங்கிலும் நடக்கும். ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் மெழுகுதிரி ஏற்றி மணல் தட்டில் நடலாம், அமைதியாகச் செபிக்கலாம். நற்கருணை வரிசையில் மட்டும் சேர வேண்டாம். வழிபாடு முடிந்ததும் குருவானவர் சிறு ரொட்டித் துண்டுகள் தருவார். அது நற்கருணை அல்ல, ஆசி பெற்ற அப்பம். பல இடங்களில் விருந்தினருக்கும் உண்டு. கொடுத்தால் இரு கை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

திருப்பலி நேரங்களை இறுதிப் பயண நிரலுடன் அனுப்பிவைக்கிறோம். ஐயம் இருந்தால் அலுவலக நேரத்தில் அழையுங்கள்.

அன்புடன்,
திருப்பயண ஏற்பாட்டுக் குழுவினர்